பாதி ஓட்டம், பாதி பாஸ்: அது சமநிலை ஆகாது

2023 நவம்பர் 11 அன்று பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் சொந்த மைதானத்தில் மிச்சிகன் பல்கலைக்கழக அணி ஒரு விசித்திரமான அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் ஆடியது. ஒரு கட்டத்துக்குப் பிறகு பந்தை எறிவதையே நிறுத்திவிட்டது. கடைசி 32 நகர்வுகளும் பந்தைச் சுமந்து ஓடும் ஓட்டங்களாகவே பதிவாயின. இரண்டாம் பாதி முழுவதிலும் ஒரு பாஸ்கூட, அதாவது முன்னோக்கிய எறிதல்கூட, கணக்கில் ஏறவில்லை. எறிந்த ஒன்றும் எதிரணியின் தவறால் தண்டனையில் முடிந்தது. மிச்சிகன் 24-15 என்று வென்றது.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 2020 செப்டம்பரில், மிசிசிப்பி ஸ்டேட் அணி இதற்கு நேர்மாறாக ஆடியது. பாஸ் மூலம் 623 யார்டு, ஓட்டத்தின் மூலம் வெறும் 9 யார்டு. அந்த ஆட்டத்தில் நடப்புச் சாம்பியனான லூசியானா ஸ்டேட் அணியை 44-34 என்று வீழ்த்தியது.

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தைப் பார்க்கும் எவரும் வர்ணனையில் அடிக்கடி கேட்கும் வாக்கியம், "இந்த அணிக்கு ஓட்டத்துக்கும் பாஸுக்கும் இடையே சமநிலை வேண்டும்" என்பது. மேலே சொன்ன இரண்டு அணிகளிடமும் அந்தச் சமநிலை இருந்ததாகத் தெரியவில்லை. இரண்டும் ஜெயித்தன. அப்படியானால் சமநிலை என்று எதைச் சொல்கிறார்கள்? அது எண்ணிக்கையில் இருக்கிறதா, வேறு எங்காவது இருக்கிறதா? அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

நான்கு முயற்சி, பத்து யார்டு

மைதானத்தின் நீளம் 100 யார்டு. ஒரு யார்டு என்பது நம் ஒரு கெஜம். இரண்டு முனைகளிலும் தலா 10 யார்டு ஆழத்துக்கு இலக்குப் பகுதி உண்டு. பந்தை அதற்குள் கொண்டு சேர்த்தால் டச்டவுன், 6 புள்ளி. பக்கத்துக்கு 11 பேர்.

பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் தரப்படும். ஒவ்வொன்றுக்கும் டவுன் என்று பெயர். நான்கு டவுனுக்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடியும் புதிதாக நான்கு. முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போகும். பந்தை நல்ல இடத்தில் பறிகொடுக்கும் அபாயம் இருப்பதால், பெரும்பாலான அணிகள் நான்காவது டவுனில் பந்தை உதைத்துத் தூர அனுப்பிவிடும், அல்லது கம்பத்துக்குள் உதைத்து 3 புள்ளி எடுக்கப் பார்க்கும். ஆக, நடைமுறையில் கையில் இருப்பவை மூன்று முயற்சிகள்தான்.

பந்தை முன்னே கொண்டுபோக இரண்டு வழிகள். தாக்குதலை வழிநடத்தும் குவார்ட்டர்பேக் பந்தை ரன்னிங் பேக்கிடம் கொடுத்து ஓடவிடலாம், அல்லது தானே ஓடலாம். இல்லாவிட்டால் முன்னால் ஓடும் ரிசீவருக்கு எறியலாம்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஒவ்வொரு ஓட்டமும் தவறாமல் மூன்றரை யார்டு தரும் என்று வைத்துக்கொள்வோம். மூன்று முயற்சியில் பத்தரை யார்டு. அப்படி ஓர் அணி இருந்தால் அது பந்தை எறியவே வேண்டாம், ஆட்டம் முடியும்வரை ஓடிக்கொண்டே இருக்கலாம். ஆனால் ஓட்டம் அப்படிச் சீராக வராது. ஒன்று 2 யார்டு தரும், அடுத்தது ஒன்றும் தராது, அதற்கடுத்தது 9 தரும். சராசரி நன்றாக இருந்தாலும் நடுவில் வரும் இரண்டு மோசமான ஓட்டங்கள் அந்தச் சுற்றையே முடித்துவிடும்.

பாஸின் குணம் வேறு. கல்லூரி அளவில் எறியும் பாஸ்களில் ஏறத்தாழ 60 சதவீதம் கைக்குச் சேரும், மீதி தரையில் விழும். சேர்ந்தவற்றையும் விழுந்தவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பாஸுக்குச் சராசரி 7 யார்டை ஒட்டி வரும். ஓட்டத்தின் சராசரியைவிட இது அதிகம். அதற்கான விலை, எதிரணி பந்தை நடுவில் பறிக்கும் இன்டர்செப்ஷனும், எறிவதற்கு முன்பே குவார்ட்டர்பேக் பின்னால் சாய்க்கப்படும் சாக்கும்.

பாஸ் என்பது சட்டம் கொடுத்த வழி

தொடக்கத்தில் இந்த ஆட்டத்தில் முன்னோக்கி எறியவே அனுமதி இல்லை. கூட்டமாகச் சேர்ந்து முட்டி மோதி முன்னேறுவதுதான் ஆட்டம். 1905-ல் மாணவர்கள் பலர் உயிரிழந்த பிறகு, குடியரசுத் தலைவர் தியோடர் ரூசவெல்ட் முன்னணிக் கல்லூரிகளின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். 1906-ல் முன்னோக்கிய பாஸ் சட்டப்படி ஏற்கப்பட்டது. நெரிசலை உடைத்து ஆட்டக்காரர்களை மைதானம் முழுக்கப் பரப்புவதும் அதன் நோக்கங்களில் ஒன்று. ஆனால் ஆரம்ப விதிகளில் தவறிய பாஸுக்குக் கடுமையான தண்டனை இருந்ததால் பெரும்பாலோர் அதைத் தொடவில்லை. 1913-ல் நோட்ர டேம் அணி வெஸ்ட் பாயின்டுக்கே போய் ராணுவக் கல்லூரியை 35-13 என்று தோற்கடித்தது. கஸ் டோரேஸ் எறிய, நூட் ராக்னி பிடித்தார். பாஸை முக்கிய ஆயுதமாக வைத்தே ஒரு பெரிய அணியை வெல்லலாம் என்பதை அந்த ஆட்டம் நாடறியச் செய்தது.

அந்த முதல் நோக்கத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஆட்களைப் பரப்புவது. சமநிலை பற்றிய மொத்த விஷயமும் அங்கேதான் தொடங்குகிறது.

பாக்ஸுக்குள் எத்தனை பேர்?

பந்து வைக்கப்பட்டிருக்கும் இடத்துக்கு எதிரே, தாக்கும் அணியின் முன்வரிசை அகலத்துக்கு, சில யார்டு ஆழத்தில் ஒரு செவ்வகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதற்குப் பெயர் பாக்ஸ். ஓட்டம் பெரும்பாலும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். தடுக்கும் அணி தன் 11 பேரில் எத்தனை பேரை அதற்குள் நிறுத்துகிறது என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடிநாதம்.

ஒரு சாதாரண அமைப்பை எடுத்துக்கொள்வோம். தாக்கும் அணியில் முன்வரிசையில் 5 லைன்மேன்கள், அவர்களை ஒட்டி ஒரு டைட் எண்ட். இவர்கள் ஆறு பேரும் வழிவிடச் செய்பவர்கள். ஒரு குவார்ட்டர்பேக், ஒரு ரன்னிங் பேக். மீதி மூன்று ரிசீவர்கள் ஓரங்களில் தள்ளி நிற்கிறார்கள்.

எதிரணி அந்த மூன்று ரிசீவர்களுக்கும் ஆளுக்கு ஒருவரை ஒதுக்குகிறது. நீளமான பாஸுக்கு அஞ்சி, பின்னால் சேஃப்டிகள் இருவரை வைக்கிறது. ஐந்து பேர் போய்விட்டார்கள். பாக்ஸுக்குள் ஆறு பேர். ஆறுக்கு ஆறு. ஒவ்வொருவரையும் மறிக்க ஓர் ஆள் இருப்பதால் ரன்னிங் பேக்குக்கு இடைவெளி கிடைக்கும். இங்கே ஓட வேண்டும்.

இரண்டு மூன்று நல்ல ஓட்டங்களுக்குப் பிறகு எதிரணிப் பயிற்சியாளருக்குப் பொறுக்காது. ஒரு சேஃப்டியை முன்னால் இறக்குவார். இப்போது பாக்ஸில் ஏழு பேர், மறிக்க ஆறு பேர்தான். ஏழாவது ஆளை மறிக்க யாரும் இல்லை, அவர்தான் ரன்னிங் பேக்கைப் பிடிப்பார். ஓட்டம் ஒரு யார்டில் நிற்கும். ஆனால் பின்னால் இப்போது ஒரே ஒரு சேஃப்டி. ஓரங்களில் நிற்கும் ரிசீவருக்கும் அவரைக் காப்பவருக்கும் இடையே உதவிக்கு யாரும் இல்லை. இங்கே எறிய வேண்டும்.

இதுதான் சமநிலையின் உண்மையான பொருள். எதிரணி ஓட்டத்தை அடைக்க ஓர் ஆளைக் கூடுதலாக நிறுத்தினால் அதற்குரிய விலையைப் பாஸ் மூலம் வசூலிக்க முடிய வேண்டும். பாஸை அடைக்க ஆட்களைப் பின்னால் அனுப்பினால் ஓட்டத்தின் மூலம் வசூலிக்க முடிய வேண்டும். எதை அடைத்தாலும் எதிரணிக்கு அது இலவசமாகக் கிடைக்கக் கூடாது. கிரிக்கெட்டில் மெதுவான பந்தின் மதிப்பு அதற்கு முன் வீசிய வேகப்பந்துகளில் இருக்கிறதே, அது போல. ஓவருக்கு மூன்று வேகம், மூன்று மெது என்று யாரும் கணக்குப் போட்டு வீசுவதில்லை.

பாதிக்குப் பாதி கணக்கு ஏமாற்றும் இடங்கள்

ஆட்டம் முடிந்ததும் செய்திகளில் "34 ஓட்டம், 31 பாஸ்" என்று போடுவார்கள். அதைப் பார்த்து நல்ல சமநிலை என்று முடிவுகட்டுவது தவறு. காரணங்கள் சில.

1. கல்லூரி ஆட்டத்தின் புள்ளிவிவர முறையில் சாக் என்பது ஓட்டக் கணக்கில் சேரும். தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.-இல் அணியின் பாஸ் கணக்கில் கழிப்பார்கள். கல்லூரியில் அப்படி இல்லை. ஓர் அணி உண்மையில் 30 முறை ஓடி 150 யார்டு எடுத்தது என்று வையுங்கள். சராசரி 5, அருமையான ஓட்டம். அதே ஆட்டத்தில் எறியப் போன குவார்ட்டர்பேக் நான்கு முறை சாய்க்கப்பட்டு 28 யார்டு இழந்தால், பட்டியலில் 34 ஓட்டம், 122 யார்டு, சராசரி 3.6 என்று வரும். பாஸ் ஆட்டத்தின் ஓட்டையை ஓட்டத்தின் தலையில் கட்டிவிடுகிறது அந்தப் பட்டியல்.

2. எறிய இடம் கிடைக்காமல் குவார்ட்டர்பேக் தப்பித்து ஓடினால் அதுவும் ஓட்டம்தான். பயிற்சியாளர் கேட்டது பாஸ், பதிவானது ஓட்டம்.

3. முன்னணியில் இருக்கும் அணி கடைசிக் கால் மணி நேரத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். காரணம் கடிகாரம். தவறிய பாஸ் கடிகாரத்தை நிறுத்தும், மைதானத்துக்குள் முடியும் ஓட்டம் அதை ஓடவிடும். பின்தங்கிய அணி இதே காரணத்தால் எறிந்துகொண்டே இருக்கும். "30 முறைக்கு மேல் ஓடினால் ஜெயிப்பார்கள்" என்ற வகைப் புள்ளிவிவரங்களைக் கேட்கும்போது, ஓடியதால் ஜெயித்தார்களா, ஜெயித்துக்கொண்டிருந்ததால் ஓடினார்களா என்று ஒரு தரம் கேட்டுப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் இரண்டாவதுதான்.

முதல் காரணத்துக்கு வரலாற்றில் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. 1996 ஜனவரி 2 அன்று தேசியப் பட்டத்துக்காக நடந்த ஃபியஸ்டா பௌல் இறுதி ஆட்டத்தில் நெப்ராஸ்கா அணி ஃபுளோரிடாவை 62-24 என்று நொறுக்கியது. நெப்ராஸ்காவின் ஓட்டம் 524 யார்டு. ஃபுளோரிடாவின் ஓட்டம் மைனஸ் 28. மைனஸ் என்றால் அவர்கள் பின்னோக்கி ஓடினார்கள் என்று அர்த்தம் இல்லை. குவார்ட்டர்பேக் டேனி வூர்ஃபல் திரும்பத் திரும்பச் சாய்க்கப்பட்டார், அந்த இழப்பெல்லாம் ஓட்டக் கணக்கில் விழுந்தது.

எண்ணிக்கையைவிட நல்ல அளவுகோல் ஒன்று புழக்கத்தில் இருக்கிறது. வெற்றி விகிதம் என்று அதைச் சொல்லலாம். முதல் டவுனில் தேவையான யார்டில் பாதி, இரண்டாவதில் 70 சதவீதம், மூன்றாவதிலும் நான்காவதிலும் முழுவதும் கிடைத்தால் அந்த நகர்வு வெற்றி. ஓட்டத்துக்கும் பாஸுக்கும் இதைத் தனித்தனியே போட்டுப் பார்த்தால், எது ஓர் அணியின் பலம், எது வெறும் சடங்கு என்பது தெரிந்துவிடும்.

மைக் லீச்சின் இரண்டு சனிக்கிழமைகள்

மிசிசிப்பி ஸ்டேட் கதைக்குத் திரும்புவோம். அதன் பயிற்சியாளர் மைக் லீச். ஏர் ரெய்டு எனப்படும் பாஸ் மைய முறையை ஹால் மம்மியோடு சேர்ந்து வளர்த்தவர். டெக்சாஸ் டெக், வாஷிங்டன் ஸ்டேட் அணிகளில் அதை நிலைநாட்டியவர். பாதி ஓட்டம், பாதி பாஸ் என்பதைச் சமநிலை என்று அவர் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. பந்தைத் தொடக்கூடிய ஒவ்வொரு ஆட்டக்காரரும் எதிரணிக்கு ஆபத்தாக இருப்பதுதான் சமநிலை என்பது அவர் கட்சி. சின்னச் சின்ன பாஸ்களே ஓட்டத்தின் வேலையைச் செய்துவிடும் என்றார். இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. முன்வரிசைக்குப் பின்னாலேயே ரன்னிங் பேக்குக்குத் தட்டிவிடும் பாஸ் 5 யார்டு தந்தால், அது ஓட்டத்தைவிடக் குறைந்ததா என்ன?

2020 செப்டம்பர் 26. லூசியானா ஸ்டேட், ரிசீவர்களுக்கு ஆளுக்கு ஆள் காவல் வைத்து ஆடியது. ஒவ்வொரு ரிசீவரும் தன் ஆளைத் தாண்டினால் போதும், முன்னால் வெற்றிடம். குவார்ட்டர்பேக் கே.ஜே. காஸ்டெல்லோ 623 யார்டு எறிந்தார். இரண்டு அணிகளும் ஆடும் எஸ்.இ.சி. மாநாட்டின் (மாநாடு என்பது தங்களுக்குள் ஆடும் கல்லூரிகளின் குழு) வரலாற்றிலேயே அது சாதனை.

அடுத்த சனிக்கிழமை ஆர்கன்சா வந்தது. மாநாட்டு ஆட்டங்களில் தொடர்ந்து 20 தோல்வி கண்ட அணி. அதன் தடுப்பாட்டப் பொறுப்பாளர் பேரி ஓடம் செய்தது எளிமையான ஒன்று. குவார்ட்டர்பேக்கை நோக்கி மூன்று பேரை மட்டும் அனுப்பினார். எட்டுப் பேரைப் பின்னால் பரப்பி, ஆளைத் துரத்தாமல் இடத்தைக் காக்கச் சொன்னார். பாக்ஸ் காலியாகக் கிடந்தது. "வேண்டுமானால் ஓடு" என்று கதவைத் திறந்து வைத்த மாதிரி. லீச்சின் அணி அந்தக் கதவு வழியே போய் விலை வசூலிக்கவில்லை. எட்டுப் பேர் நிற்கும் இடத்துக்குள்ளேயே எறிந்துகொண்டிருந்தது. மூன்று இன்டர்செப்ஷன்கள். ஒன்றை ஆர்கன்சா அப்படியே ஓடிக் கொண்டுபோய் டச்டவுன் ஆக்கியது. முடிவு 21-14, ஆர்கன்சாவுக்கு.

லீச் தன் காலத்தின் மிகச் சிறந்த சிந்தனையாளர்களில் ஒருவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த இரண்டு சனிக்கிழமைகள் சொல்வது தெளிவாக இருக்கிறது. சின்ன பாஸ் ஓட்டத்துக்கு மாற்றாக இருக்கலாம், ஆனால் அதுவும் எட்டுப் பேர் நிற்கும் பக்கமே போகிறது. காலியான பாக்ஸுக்கு உரிய பதில் பாக்ஸ் வழியாக ஓடுவதுதான்.

ஒரே நகர்வில் இரண்டும்

ஓட்டமா பாஸா என்பதை முன்கூட்டியே முடிவு செய்யாமல், பந்து கைக்கு வந்த பிறகு முடிவு செய்தால் என்ன? கடந்த முப்பது ஆண்டுகளில் கல்லூரி ஆட்டத்தை மாற்றியது இந்தக் கேள்விதான்.

முதலில் வந்தது ஸோன் ரீட். இதைப் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர் ரிச் ரோட்ரிகஸ். முன்வரிசையின் ஓரத்தில் நிற்கும் ஒரு தடுப்பாளரை வேண்டுமென்றே மறிக்காமல் விட்டுவிடுவார்கள். குவார்ட்டர்பேக் பந்தை ரன்னிங் பேக்கின் வயிற்றருகே நீட்டியபடி அந்த ஒருவரையே பார்ப்பார். அவர் ரன்னிங் பேக்கை நோக்கிப் பாய்ந்தால் பந்தைக் கொடுக்காமல் இழுத்துக்கொண்டு அவர் விட்டுப்போன இடத்தில் தானே ஓடுவார். அவர் நின்ற இடத்திலேயே நின்றால் பந்தைக் கொடுத்துவிடுவார். ஒருவரை மறிக்காமலேயே ஆட்டத்திலிருந்து நீக்கியாயிற்று. மேலே பார்த்த கணக்கில் ஏழுக்கு ஆறு என்ற பற்றாக்குறை இப்படி ஈடாகிறது.

அடுத்தது ஆர்.பி.ஓ., அதாவது ரன்-பாஸ் ஆப்ஷன். ஓட்டமும் பாஸும் ஒரே நகர்வுக்குள். இதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். இரண்டாவது டவுன், 6 யார்டு தேவை. லைன்மேன்கள் ஐவரும் ஓட்டத்துக்காகவே முட்டுகிறார்கள். குவார்ட்டர்பேக் பந்தை ரன்னிங் பேக்கின் வயிற்றில் வைத்துவிட்டு, கையை எடுக்காமல், எதிரணி முன்வரிசைக்குப் பின்னால் நடுவில் நிற்கும் தடுப்பாளரான லைன்பேக்கரின் காலைப் பார்க்கிறார். லைன்பேக்கர் ஓட்டத்தை அடைக்க ஓரடி முன்னால் வைத்தால், அவருக்குப் பின்னால் சாய்வாக வெட்டி ஓடும் ரிசீவருக்கு இடம் திறந்துவிட்டது. பந்து வெளியே வருகிறது, எறிகிறார், 12 யார்டு. லைன்பேக்கர் பின்னால் நகர்ந்தால் பந்து ரன்னிங் பேக்கிடமே தங்கிவிடுகிறது. லைன்பேக்கர் என்ன செய்தாலும் தப்பு. இதெல்லாம் ஒரு நொடிக்குள்.

கல்லூரியில் இது செழித்ததற்கு விதிகளும் துணை.

1. பாஸ் எறியும்போது லைன்மேன்கள் அதிக தூரம் முன்னால் போயிருக்கக் கூடாது. என்.எஃப்.எல்.-இல் அந்த வரம்பு 1 யார்டு, கல்லூரியில் 3 யார்டு. அந்தக் கூடுதல் 2 யார்டில்தான் லைன்மேன்கள் ஓட்டத்துக்குரிய வேகத்தோடு முட்ட முடிகிறது, பார்க்கும் லைன்பேக்கரும் அதை ஓட்டம் என்று நம்புகிறார்.

2. பந்தை வைக்கும் குறுக்குக் கோடுகளின் இடைவெளி கல்லூரியில் 40 அடி, என்.எஃப்.எல்.-இல் 18 அடி 6 அங்குலம். மைதானத்தின் அகலம் 160 அடி. கல்லூரியில் பந்து இடது கோட்டில் இருந்தால் இடப்பக்கம் 60 அடி, வலப்பக்கம் 100 அடி. அந்த நூறடி அகலத்தைக் காக்க ஆள் அனுப்பினால் பாக்ஸ் மெலியும்.

ஆர்.பி.ஓ. வந்த பிறகு "எத்தனை ஓட்டம், எத்தனை பாஸ்" என்ற எண்ணிக்கைக்கு இருந்த கொஞ்சநஞ்ச மதிப்பும் போய்விட்டது. அந்த நகர்வு எதுவாக முடிய வேண்டும் என்பதைத் தீர்மானித்தது எதிரணியின் லைன்பேக்கர்.

ஒரே பக்கம் சாய்ந்தும் வெல்பவர்கள்

அப்படியென்றால் ஏறத்தாழ முழுக்க ஓடியே வெல்லும் அணிகளை என்னவென்று சொல்வது? 1995-ன் நெப்ராஸ்கா ஆட்டத்துக்குச் சராசரியாக ஏறக்குறைய 400 யார்டு ஓடியது, ஒரு தோல்விகூட இல்லாமல் பட்டம் வென்றது. பயிற்சியாளர் டாம் ஆஸ்போர்ன், குவார்ட்டர்பேக் டாமி ஃபிரேசியர். ராணுவக் கல்லூரி அணியான ஆர்மி 2018 செப்டம்பரில் ஓக்லஹோமாவுக்குப் போய், 60 நிமிட ஆட்டத்தில் சுமார் 45 நிமிடம் பந்தைத் தன்னிடமே வைத்திருந்தது. கூடுதல் நேரத்தில்தான் 21-28 என்று தோற்றது. அந்த ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதை வென்ற ஓக்லஹோமா குவார்ட்டர்பேக் கைலர் மர்ரி பெரும்பாலான நேரம் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த அணிகள் ஆடியது டிரிபிள் ஆப்ஷன் வகை. ஒரே நகர்வில் பந்து மூன்று பேரில் யாரிடமும் போகலாம்: நடுவே பாயும் ஃபுல்பேக், ஓரத்தில் திரும்பும் குவார்ட்டர்பேக், அவர் பக்கவாட்டில் தட்டிவிடும் இன்னொரு ஓட்டக்காரர். எதிரணி நடுவை அடைத்தால் ஓரம் திறக்கும், ஓரத்தை அடைத்தால் நடு திறக்கும். அதாவது ஓட்டத்துக்குள்ளேயே ஒரு சமநிலை இருக்கிறது. எதை அடைத்தாலும் விலை உண்டு என்ற விதி இங்கேயும் பொருந்துகிறது. லீச் பாஸுக்குள் தேடியதை இவர்கள் ஓட்டத்துக்குள் தேடினார்கள்.

இதற்கு இன்னொரு காரணம் நேரம். இதைப் பற்றி வர்ணனையாளர்கள் அதிகம் பேசுவதில்லை, எனக்கோ இதுதான் மிக முக்கியமாகப் படுகிறது. கல்லூரி ஆட்டக்காரர்கள் மாணவர்கள். ஆட்டப் பருவத்தில் பயிற்சிக்கு வாரம் 20 மணி நேரம்தான் விதி அனுமதிக்கிறது. அதற்குள் எல்லாவற்றையும் கற்பிக்க முடியாது. லைன்மேன் ஓட்டத்துக்கு முன்னோக்கி முட்ட வேண்டும், பாஸுக்குப் பின்வாங்கியபடி காக்க வேண்டும். இரண்டும் உடலுக்கு முற்றிலும் வேறு வேறு பழக்கம். இரண்டையும் அரைகுறையாகச் செய்யும் அணியைவிட ஒன்றைத் தூக்கத்திலும் செய்யும் அணி மேல். ஏர் ரெய்டு அணிகள் சில நகர்வுகளையே ஆயிரம் முறை பழகியதும், ஆப்ஷன் அணிகள் அதையே வேறு விதத்தில் செய்ததும் இதனால்தான். எதிரணிக்கும் அதே 20 மணி நேரம்தான். எப்போதாவது ஒரு முறை எதிர்கொள்ளும் ஆப்ஷன் முறைக்கு ஒரே வாரத்தில் தயாராக வேண்டும். பலமான ஆட்களைச் சேர்க்க முடியாத கல்லூரிகளுக்கு இது பெரிய அனுகூலம்.

சாய்வு எங்கே வலிக்கும்?

ஒரு பக்கச் சாய்வின் விலை ஆட்டம் முழுவதும் ஒரே அளவில் தெரியாது. குறிப்பிட்ட சில நேரங்களில் மொத்தமாக வந்து சேரும்.

1. இலக்குக்கு அருகில். எதிரணியின் 5 யார்டு கோட்டில் பந்து இருந்தால், இலக்குப் பகுதியையும் சேர்த்து முன்னால் 15 யார்டு ஆழம்தான். நீளமான பாஸ் என்ற பயமுறுத்தலே இல்லை. சேஃப்டிகள் தைரியமாக முன்னால் வருவார்கள். ரிசீவர்களின் பாதைகள் ஒன்றோடொன்று நெருங்கிவிடும். மைதானத்தின் நடுவில் பாஸால் பறந்த அணி இங்கே 3 புள்ளியோடு திரும்பும். இங்கே இரண்டு யார்டை முட்டி எடுக்கத் தெரிய வேண்டும்.

2. முன்னணியைக் காக்கும்போது. 2019 செப்டம்பர் 21, யு.சி.எல்.ஏ.வுக்கு எதிராக வாஷிங்டன் ஸ்டேட். வாஷிங்டன் ஸ்டேட்டின் பயிற்சியாளர் மீண்டும் லீச்தான். மூன்றாவது கால் பகுதியில் 49-17 என்று 32 புள்ளி முன்னணி. குவார்ட்டர்பேக் ஆந்தனி கார்டன் 9 டச்டவுன் பாஸ் எறிந்தார். இருந்தும் 67-63 என்று தோற்றார்கள். பந்தைத் திரும்பத் திரும்பப் பறிகொடுத்ததும், தடுப்பாட்டம் சரிந்ததும் முதன்மைக் காரணங்கள். ஆனால் 32 புள்ளி முன்னால் இருக்கும் அணிக்குத் தேவைப்படுவது கடிகாரத்தைக் கரைக்கும் ஓட்டம். அந்தக் கருவி அவர்கள் பெட்டியில் இல்லை. 2023 முதல் கல்லூரி விதியில், ஒவ்வொரு பாதியின் கடைசி 2 நிமிடம் தவிர, புதிய டவுன் கிடைத்தாலும் கடிகாரம் நிற்பதில்லை. முன்னணியில் இருந்து ஓடத் தெரிந்த அணிக்கு இது இன்னும் சாதகம்.

3. பின்தங்கும்போது. ஆப்ஷன் அணிக்கு இதுதான் கெட்ட கனவு. இரண்டு டச்டவுன் பின்னால், நான்கு நிமிடம் பாக்கி. எறிந்தே ஆக வேண்டும், எதிரணிக்கும் அது தெரியும்.

4. மூன்றாவது டவுனில் 8, 9 யார்டு தேவைப்படும்போது. எல்லா அணிக்கும் இது பாஸ் நேரம்தான். ஆனால் முதல் டவுனில் 4 யார்டு தரும் ஓட்டம் இருந்தால் இந்த நிலைமைக்கு வரும் தடவைகள் குறையும்.

எறிபவர்களின் ஓட்டக்காரர்

2019-ன் லூசியானா ஸ்டேட் அணியை எல்லோரும் பாஸ் அணி என்றே நினைவில் வைத்திருக்கிறார்கள். நியாயம்தான். ஜோ பரோ 60 டச்டவுன் பாஸ், 5,671 யார்டு. 15 ஆட்டம், 15 வெற்றி. ஆனால் அந்தச் சீசனின் பெரிய சோதனை நவம்பர் 9 அன்று அலபாமா மைதானத்தில் வந்தது. பாதியில் 33-13 என்று முன்னால் இருந்த அணியை அலபாமா மளமளவென்று நெருங்கி 33-27 ஆக்கியது. அங்கிருந்து ஆட்டத்தைத் தாங்கிப் பிடித்தவர் ரன்னிங் பேக் கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேர். அன்று 103 யார்டு ஓடினார், 9 பாஸ்களைப் பிடித்தார், 4 டச்டவுன் போட்டார். முடிவு 46-41. அந்தச் சீசனில் அவர் ஓட்டம் 1,414 யார்டு, பிடித்த பாஸ் 55. ஜமார் சேஸ், ஜஸ்டின் ஜெஃபர்சன் என்ற இரண்டு ரிசீவர்களுக்கு அஞ்சி எதிரணி ஆட்களைப் பின்னால் அனுப்பிய ஒவ்வொரு முறையும், விலை வசூலிக்க ஓர் ஆள் முன்னால் நின்றார். ஆர்கன்சாவுக்கு எதிராக மிசிசிப்பி ஸ்டேட்டுக்கு இல்லாமல் போனது இதுதான்.

அடுத்த சனிக்கிழமை பார்க்கும்போது

பந்து நகர்வதற்கு முன் சில நொடிகள் கிடைக்கும். அதில் மூன்றைக் கவனித்தால் போதும்.

1. பாக்ஸுக்குள் எத்தனை பேர்? மறிக்க எத்தனை பேர்? எண்ணுங்கள்.
2. பின்னால் சேஃப்டி ஒருவரா, இருவரா?
3. குவார்ட்டர்பேக் ஓடக்கூடியவரா? ஆம் என்றால் தாக்கும் பக்கத்துக்கு ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

சில ஆட்டங்களில் இதைச் செய்துவிட்டால், ஏழு பேர் நிற்கும் பாக்ஸுக்குள் வீம்பாக ஓடும் பயிற்சியாளரையும், காலியான பாக்ஸைப் பார்த்தும் எறிந்துகொண்டே இருப்பவரையும் நீங்களே அடையாளம் கண்டுவிடுவீர்கள்.

இப்போது மிச்சிகனின் அந்த 32 ஓட்டங்களைத் திரும்பப் பார்க்கலாம். பென் ஸ்டேட்டின் பெரிய பலம் குவார்ட்டர்பேக்கைத் துரத்திச் சாய்க்கும் வேகமான முன்வரிசை. எறியாத குவார்ட்டர்பேக்கைச் சாய்க்க முடியாது. மிச்சிகன் முன்னணியில் இருந்தது, ஓட்டம் கடிகாரத்தைக் கரைத்தது, எதிரணி தன் தாக்குதலால் விலை கேட்கும் நிலையில் இல்லை. எறிய வேண்டிய அவசியமே வரவில்லை. ஓடியது எறியத் தெரியாததால் அல்ல.

அது 2024 ஜனவரி 1 அன்று ரோஸ் பௌல் அரையிறுதியில் தெரிந்தது. அலபாமாவிடம் 13-20 என்று பின்னால், ஆட்டம் முடிய மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். சொந்த 33 யார்டு கோட்டில் நான்காவது டவுன், 2 யார்டு தேவை. தவறினால் சீசன் முடிந்தது. நாட்டின் மிக உறுதியான ஓட்ட அணிகளில் ஒன்று, ரன்னிங் பேக்காக பிளேக் கோரம். ஜே.ஜே. மெக்கார்த்தி பந்தை அவர் வயிற்றில் திணிக்கவில்லை, ஓரத்தில் நழுவிச் சென்ற அதே கோரமுக்கு எறிந்தார். புதிய டவுன் கிடைத்தது. இன்னும் சில நகர்வுகளில் ரோமன் வில்சனுக்கு 4 யார்டு டச்டவுன் பாஸ், ஆட்டம் சமன். கூடுதல் நேரத்தில் கோரம் 17 யார்டு ஓடி இலக்கைத் தொட்டார். 27-20. ஒரு வாரம் கழித்து இறுதி ஆட்டத்தில் வாஷிங்டனுக்கு எதிராக 303 யார்டு ஓடிப் பட்டத்தை எடுத்துக்கொண்டார்கள்.